ரிப்பீட் ஆர்டருக்கு ஒரு சிகார்

திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறவனுக்குச் சிகார் எங்கிருந்து அறிமுகமாகும்? பெரும்பாலும் ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையரிடமிருந்துதான். ஷிப்மென்ட் சிக்கலில்லாமல் போய்ச் சேர்ந்தால் சிலர் சாக்லேட் பெட்டி கொண்டுவருவார்கள், சிலர் சிகாரை நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிவந்து, பீரோவில் துணிகளுக்கு நடுவே சொருகிவைத்து, அது சருகாகக் காய்ந்த பிறகு ஒருநாள் பற்றவைத்து இருமி, "இதுக்குப் போயி இவ்வளவு காசா" என்று தூக்கிப் போட்டவர்கள் எங்கள் வட்டத்தில் நிறைய. அதைத் தாண்டி ருசி கண்டவர்களும் கொஞ்சம் பேர் உண்டு. நான் இரண்டாவது கூட்டம்.

ருசி கண்ட பிறகு எல்லோரையும் பிடிப்பது ஒரே வியாதிதான். புதுசு தேடுவது. துபாய்க்கு யார் கிளம்பினாலும் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுவோம். டப்பாவைத் திறந்தால் வரிசையாகச் சிகார் இருக்கும், ஆனால் இரண்டு ஒன்றுபோல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பொழுதோட தோட்டத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து ஒன்றைப் பற்றவைத்தால், இது எப்படி இருக்குமோ என்ற யோசனையிலேயே பாதி எரிந்துவிடும். நன்றாக இருந்தால் அதே சரக்கு மறுபடி கிடைக்காது. நன்றாக இல்லையென்றால் அந்தச் சாயந்திரம் போச்சு.

எனக்கு வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு சாயந்திரம்தான். மற்ற நாளில் நமக்குப் பொழுது சாய்கிற நேரம் ஐரோப்பாவில் மதியம், போன் ஓயாது. அதனால் இருப்பதிலேயே நல்ல சிகார் எது என்ற கேள்வியை விட்டுவிட்டு, எப்போது எடுத்தாலும் ஏமாற்றாதது எது என்று பார்க்க ஆரம்பித்தேன். திருப்பூர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டியதில்லை. சாம்பிளை எல்லா டையிங்காரரும் அருமையாகத்தான் கொடுப்பார்கள். லேப் டிப்பில், அதாவது சின்னத் துண்டுத் துணிக்குச் சாயம் போட்டுக் காட்டும்போது, ஷேடு அச்சு அசலாக வரும். பல்க், அதாவது மொத்தச் சரக்கு, ஓடி, முதல் லாட்டையும் மூன்றாவது லாட்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கும்போதுதான் யார் எப்படி என்று தெரியும். ரிப்பீட் ஆர்டர் அந்த மூன்றாவது லாட்டைப் பார்த்துத்தான் போகும். சிகாரையும் நான் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் புதிதாகத் தொடங்க வேண்டாம். "நாங்க புகையை உள்ள இழுக்கறதில்லை, அதனால ஒண்ணும் பண்ணாது" என்று சிகார்காரர்கள் சொல்லிக்கொள்வதை நம்பாதீர்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய் இங்கெல்லாம் புற்றுநோய் வருவதற்குப் புகை நுரையீரலுக்குப் போயாக வேண்டும் என்றில்லை. சிகார் புகை காரத்தன்மை கொண்டது என்பதால் நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். நான் பல் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லி, போகும்போதெல்லாம் நாக்கின் அடி வரைக்கும் காட்டிவிட்டு வருகிறேன். ஒன்றில் நிலைத்ததால் எனக்கு வந்த பெரிய லாபமே எண்ணிக்கை குறைந்ததுதான். புதுசைப் பார்க்கும் சாக்கு போய்விட்டால் வாரத்தில் இன்னொன்றைப் பற்றவைக்கக் காரணம் கிடைப்பதில்லை.

சிகார்தான் எனக்குப் புதுசு, புகையிலை புதுசில்லை. அம்மா பிறந்த ஊர் அந்தியூர்ப் பக்கம். அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தோட்டத்தில் மஞ்சளும் புகையிலையும் மாற்றி மாற்றி வரும். அது வாயில் போட்டு மெல்லுகிற புகையிலை. கோபி, அந்தியூர், பவானி வட்டாரம் அதற்குப் பேர்போனது. கிணற்றில் உப்புத் தண்ணி ஊறினால் மற்ற வெள்ளாமைக்காரர்கள் தலையில் கைவைப்பார்கள், புகையிலைக்காரர் முகத்தில் சிரிப்பு வரும். உப்புத் தண்ணி பாய்ந்த இலை காய்ந்து, போர் போட்டுப் பதமாகி வரும்போது மேலே வெள்ளையாகப் பூக்கும். ஏவாரி அதை விரலால் தடவிப் பார்த்துத்தான் விலை பேச்சை ஆரம்பிப்பார்.

காலேஜ் படிக்கும்போது ஒருதரம் அப்பிச்சியிடம் கேட்டேன், இவ்வளவு நல்ல இலையை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் உறையூர்ச் சுருட்டைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று. அவர் பதில் சொல்லவில்லை. போரிலிருந்து ஓர் இலையை உருவி, காம்பைக் கிள்ளிப் போட்டு, ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினார். குச்சி இருக்கும்வரை ஓரம் சிவந்தது. குச்சியை எடுத்ததும் சிவப்பு ஒரு நூல் அகலம் ஓடி நின்று கறுத்துப்போனது. திரும்பக் காட்டினார், திரும்பவும் அதே கதை. "இது எரியாது கண்ணு, கருகும்" என்றார்.

காரணம் அந்த உப்புதான். தண்ணீரில் இருக்கும் குளோரைடு இலையில் ஏறிவிட்டால் தீ நின்று எரியாது. மெல்லுகிற இலைக்குக் கனமும் உறைப்பும் கொடுக்கிற அதே தண்ணி, புகைக்கிற இலையைக் கெடுத்துவிடும். சிகார் இலை விளைகிற இடங்களில் பொட்டாஷ் உரத்தைக்கூட மியூரியேட்டாக, அதாவது குளோரைடாக, போடாமல் சல்பேட்டாகப் போடுவது இதற்காகத்தான். இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து எந்தச் சிகாரைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அது தானாக எரிகிறதா என்பதை. மணம், உறைப்பு எல்லாம் அதற்கு அப்புறம். நல்ல மணம் இருந்து, நாலு இழுப்புக்கு ஒருமுறை அணைந்துகொண்டே இருக்கிற சிகாரோடு யாராலும் குடும்பம் நடத்த முடியாது.

அப்பிச்சி கடைசிவரை ஒரே கடை, ஒரே சுருட்டுக் கட்டு. ஆடியில் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போனாலும் மடியில் அது இருக்கும். நானும் அதைப் பிடித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே தடிமனில் நேராகச் சுற்றி, இரண்டு முனையும் வெட்டி வருவதால் காற்று தாராளமாக ஓடும், அணையாது. ஆனால் எனக்கு உறைப்பு ஜாஸ்தி, ரெண்டு இழுப்பில் விக்கல் வந்துவிடும். அதனால்தான் வெளிநாட்டுச் சிகார் பக்கம் போனேன். இல்லாவிட்டால் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும்.

தோட்டத்தில் பார்த்த இன்னொரு விஷயமும் பின்னால் உதவியது. புகையிலைச் செடி பூவெடுக்கும் நேரத்தில் கொண்டையைக் கிள்ளிவிடுவார்கள், பக்கத்தில் வெடிக்கும் சிம்பையும் ஒடித்துவிடுவார்கள். செடியின் சத்தெல்லாம் இலைக்கு ஏறும். அதிலும் உச்சி இலைக்கு உறைப்பு அதிகம், அடி இலை சாது. சிகாரிலும் இதே கணக்குதான். ஸ்பானிஷில் அடி இலையை வொலாடோ, நடு இலையை செக்கோ, உச்சி இலையை லிஹேரோ என்பார்கள். அடி இலை எளிதாக எரியும், நடு இலை மணம் கொடுக்கும், உச்சி இலை உறைப்பாக இருக்கும், மெதுவாக எரியும். மெதுவாக எரிகிற உச்சி இலையை நட்டநடுவில் வைத்துச் சுற்ற வேண்டும். அது ஓரமாக நகர்ந்துவிட்டால் ஒரு பக்கம் எரிந்து மறு பக்கம் நிற்கும். எத்தனை பேர் புகழ்ந்தாலும், நாலைந்தில் ஒன்று இப்படி வந்தால் அங்கே சுற்றுகிறவர் கை நிதானமாக இல்லை என்று அர்த்தம். ஒன்று மட்டும் கோணலாக எரிந்தால் உடனே பழி போட வேண்டாம். காற்றும் ஈரமும்கூட அதைச் செய்யும்.

சரி, தேர்ந்தெடுக்கும் வேலைக்கு வருகிறேன். நான் ருசியைக் கடைசியில்தான் பார்த்தேன். முதலில் பார்த்தது நேரத்தை. சிகாரின் தடிமனை ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிச் சொல்வது வழக்கம். 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். ரொபஸ்டோ என்பது 5 அங்குல நீளம், 50 தடிமன். நிதானமாகப் பிடித்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். சர்ச்சில் 7 அங்குலம், 47. அது ஒன்றரை மணி நேரத்தைக்கூடக் கேட்கும். பெட்டி கொரோனா 5 அங்குலம், 42. அரை மணிக்கு மேல் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வராமல் இருக்காது. பாதியில் எழுந்துபோய் அணைந்து, திரும்பப் பற்றவைத்த சிகார் கசக்கும். ஆகவே என் அளவு பெட்டி கொரோனா என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. இது பாதிச் சுமையைக் குறைத்தது. கடையில் என்ன பேர் இருந்தாலும், இந்த அளவில் இல்லையென்றால் நான் பார்ப்பதே இல்லை.

அடுத்தது, ஒன்றை மட்டும் வாங்கித் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஒரே வகையில் ஐந்து வாங்க வேண்டும். வாங்கிய அன்றே பற்றவைக்காமல் டப்பாவில் இரண்டு மூன்று வாரம் கிடக்கட்டும். கடையிலிருந்து வந்த சிகார், அதுவும் விமானத்தில் வந்தது, ஈரம் ஏறி இறங்கிக் குழம்பிப் போயிருக்கும். வெட்டியதும் அம்மோனியா வாசம் மூக்கில் அடித்தால் இலை இன்னும் முற்றாகப் பதமாகவில்லை. அப்படியே மூடிவைத்து இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

ஐந்தையும் ஒரே மாதிரி நாளில் பிடித்தாலும் பிரயோசனமில்லை. அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் சாப்பிட்ட மதியத்தில் ஒன்று. வெறும் காபிக்கு அப்புறம் ஒன்று. ஆடிக்காற்று அடிக்கிற நாளில் ஒன்று. வேலையில் பிழிந்தெடுத்த வாரக் கடைசியில் ஒன்று. ஒன்றை எடுத்துவைத்து மறந்துவிட்டு, பின்னால் பிடிக்க வேண்டும். பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்ட நாளில் மட்டும் வேண்டாம். வரமிளகாய் ஏறிய நாக்குக்கு எந்தச் சிகாரும் ஒன்றுதான். நல்லதைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் சொல்லும். வெறும் வயிறும் ஆகாது. தலை சுற்றி வேர்க்க ஆரம்பித்தால் அப்படியே கீழே வைத்துவிட்டு, இரண்டு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் எனக்குக் கேட்கும். இது சிகாரில் மட்டும் இல்லை. பனியோடு புகையிலை ஒடிக்கப் போன ஆட்களுக்கும் இதே கிறுகிறுப்பு வரும். ஈர இலையிலிருந்து நிக்கோட்டின் தோல் வழியாகவே ஏறுகிறது.

பிடிக்கும்போது நான் மூன்றைத்தான் பார்ப்பேன். முனையை வெட்டியதும், பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது. கன்னம் குழி விழுந்தால் அது இறுக்கம். தீ வைத்த பிறகு எவ்வளவு நேரம் தானாக எரிகிறது, எத்தனை முறை திரும்பப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம்: கடைசி மூன்றில் ஒரு பங்கு. முதல் அங்குலம் எல்லாச் சிகாரிலும் இனிக்கும். தாரும் சூடும் சேர்ந்து வருகிற கடைசிப் பகுதியில் கசக்காமல் நிற்பது சிலதுதான். ஐந்தில் இரண்டு இறுகலாக இருந்தால், மீதி மூன்று எவ்வளவு அருமையாக இருந்தாலும் நான் தள்ளிவிடுவேன். சாம்பல் நீளமாக நிற்கிறது, வெள்ளையாக இருக்கிறது என்று போட்டோ எடுப்பவர்கள் உண்டு. நான் அதற்கு மார்க் போடுவதில்லை.

வாயில் என்னென்ன ருசி வருகிறது என்று எழுதிவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். தோல், கோகோ, செடார் என்று வெளிநாட்டுக்காரர் எழுதுகிறதைப் படித்துவிட்டுப் பிடித்தால் அதெல்லாம் வருகிற மாதிரியே இருக்கும். என் டைரியில் ஒரு சிகாருக்கு ஒரு வரிதான்: அணைந்ததா, கசந்ததா, இன்னொன்று வாங்கத் தோன்றியதா.

பேண்டு, அதாவது சிகாரைச் சுற்றியிருக்கும் பேர் போட்ட காகித வளையம், இருக்கும்வரை நாக்கு பொய் சொல்லும் என்பதால் என் மச்சானைச் சேர்த்துக்கொண்டேன். தாராபுரத்துக்காரர், சிகார் பக்கமே போகாதவர், அதனாலேயே நடுவர் வேலைக்குத் தோதானவர். ஒரே அளவுள்ள சிகார்களில் பேண்டை உரித்து நூல் கட்டிக் கொடுப்பார். "மாப்ள, எது ஒசத்தின்னு இப்பச் சொல்லுங்க பாப்பம்" என்று காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். நான் சிவப்பு நூலைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் விஷயம் தெரிந்துவிட்டது. அதைவிட மூன்று மடங்கு விலை போட்ட சிகார், நீல நூலோடு மூன்றாம் இடத்தில் கிடந்தது. "அப்ப அந்த விலை பேண்டுக்குத்தானுங்களா?" என்று கேட்டார். பேண்டுக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. பல வருஷம் பதமாக்கிய இலைக்கும், கைவேலைக்கும் விலை உண்டு. ஆனால் அந்த வித்தியாசம் என் நாக்குக்கு எட்டவில்லையென்றால் அந்தக் காசு எனக்கு வீண்தான்.

சிகாரின் வெளியே போர்த்திச் சுற்றியிருக்கும் மேல் இலையின் நிறத்தை வைத்து உறைப்பை முடிவுசெய்வது பொதுவாக நடக்கிற ஒன்று. கறுப்பாக இருந்தால் பலமானது என்று நினைப்பார்கள். மடூரோ என்கிற கருத்த இலை, கூடுதல் நாளும் கூடுதல் சூடும் கொடுத்துப் புளிக்கவைத்ததால் கறுத்தது. பல சமயம் அதுதான் இனிப்பாக இருக்கும். கனெக்டிகட் வகை வெளிர் இலையைத் துணிப்பந்தல் போட்டு நிழலில் வளர்ப்பார்கள். ஈக்வடோரில் எப்போதும் மேகம் மூடியிருப்பதால் பந்தலே இல்லாமல் அதே மாதிரி மெல்லிய இலை வருகிறது. சிகாரின் பலம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் இலைக் கலவையில் இருக்கிறது. நம் ஊர் வெயிலில், அதுவும் சித்திரை வைகாசியில், எனக்கு வெளிர் இலைதான் ஒத்துவருகிறது.

இவ்வளவும் செய்து, சிகார் வைக்கிற இடம் சரியில்லையென்றால் எல்லாம் வீண். கொங்கு நாட்டுச் சீதோஷ்ணம் இதற்கு ஒத்துவராத ஒன்று. மாசி பங்குனியில் காற்றில் ஈரமே இருக்காது. மேல் இலை வெடித்துவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாரக்கணக்கில் அடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் சிகார் ஊதி, இழுப்பு அடைத்து, விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதே சிகார் மூன்று பருவத்தில் மூன்று விதமாக நடந்துகொள்ளும். நாம் சிகாரைத் திட்டுவோம். சிகாரை எடைபோடும் முன்னால் டப்பாவை நிலைப்படுத்த வேண்டும்.

மர ஹியூமிடார், அதாவது ஈரம் காக்கிற சிகார் பெட்டி, பார்க்க அழகு. நம் வறட்சிக்கு அதைப் பராமரிப்பது தனி வேலை. ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத சாதாரண பிளாஸ்டிக் டப்பாவே போதும். புதுப் பிளாஸ்டிக் வாசம் போக நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே 65 சதவீதம் அல்லது 69 சதவீதம் என்று போட்ட ஈரப்பதப் பொட்டலம் ஒன்று. அது ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் எடுத்துக்கொள்ளும். நான் 65-இல் வைக்கிறேன். மழைக்காலத்தில் இழுப்பு சரியாக இருக்கிறது. கூடவே ஈரம் அளக்க ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர். அது காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி நனையும் அளவுக்குச் சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மீட்டர் நாலு குறைத்துச் சொல்கிறது, கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

செடார் பலகை வேண்டும் என்பார்கள். ஸ்பானிஷ் செடார் என்பது வேம்புக் குடும்பத்து மரம். நம்மூர் சந்தன வேம்பு அதற்கு நெருங்கிய சொந்தம், அந்தக் காலத்தில் இந்தியாவில் சிகார் பெட்டி அதில்தான் செய்தார்கள். மரக்கடையில் மெல்லிய சீவல் கிடைத்தால் டப்பாவுக்குள் போடலாம். கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. பிளைவுட் துண்டையும், பசை வாசம் அடிக்கிற எதையும் உள்ளே விடக் கூடாது.

பெரிய எதிரி வண்டு. ஈரோட்டு மஞ்சள் குடோன்காரர்களுக்கு இதை நன்றாகத் தெரியும். மஞ்சள் கிழங்கைத் துளைத்து மாவாக்குகிற அந்தச் சின்னப் பழுப்பு வண்டுக்குப் புகையிலையும் ஆகாரம்தான். முட்டை இலையிலேயே வந்திருக்கும். டப்பா இருக்கும் இடம் 25 டிகிரியைத் தாண்டி வெக்கையாகவே கிடந்தால் பொரிக்க வாய்ப்பு அதிகம். நம் கோடையில் அதைத் தாண்டாத மூலை எந்த வீட்டில் இருக்கிறது? குண்டூசி ஓட்டை மாதிரித் தெரிந்தால் அந்த டப்பாவில் இருப்பது எல்லாமே சந்தேகத்துக்குரியது. அதனால் எந்தச் சிகார் வந்தாலும் ஜிப் கவரில் இரண்டு சுற்று மூடி, ஃப்ரீசரில் நாலு நாள், பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள், அப்புறம் வெளியே. அவசரப்பட்டு நேராக வெளியே எடுத்தால் மேல் இலை விரிசல் விடும். முதல்முறை வைத்தபோது அம்மா, "ஏஞ்சாமி, போயலையக் கொண்டாந்து ஐஸ்பெட்டியில வெப்பாங்களா?" என்று கேட்டது. இப்போது அதுவே கீழ்த்தட்டில் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. மஞ்சள், மல்லி, மிளகாய் மூட்டை இருக்கிற அறையில் சிகார் டப்பாவை வைக்க வேண்டாம். பரணும் காரும் கூடவே கூடாது.

பிடிக்கிற இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடிக்காற்றில் நடுத்தோட்டத்தில் உட்கார்ந்தால் காற்றே சிகாரைப் பிடித்துவிடும். ஒரு பக்கம் ஓடி எரிந்து, புகை சூடாகிக் கசக்கும். நிமிஷத்துக்கு ஓர் இழுப்பு என்பது நல்ல கணக்கு. நான் மாட்டுக் கட்டுத்தரைச் சுவர் மறைவில் உட்காருவேன், ஆனால் சோளத்தட்டுப் போர் இருக்கிற பக்கம் போவதே இல்லை. ஒரு பொறி போதும். வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், குழந்தைகள் இருக்கும் இடத்தில் பற்றவைப்பதும் கிடையாது. பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2-இலிருந்து தடை இருக்கிறது, அது சிகாருக்கும் சேர்த்துத்தான்.

வாங்குகிற இடத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி ருசியைப் பற்றியது இல்லை. "ஏனுங்ணா, இதே சரக்கு தீபாவளிக்கும் கிடைக்குங்களா?" என்று கேட்பேன். "சொல்ல முடியாதுங்ணா, இது லிமிட்டட் எடிஷன்" என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். திரும்பிப் போக முடியாததில் மனசை வைத்து என்ன பண்ண? அடுத்து அவர் சிகாரை ஈரப்பத அலமாரியில் வைத்திருக்கிறாரா, ஏசிக் காற்றுக்கு எதிரே கண்ணாடி ஷோகேஸில் வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் எச்சரிக்கைப் படம், இறக்குமதி செய்தவர் பெயர், எம்ஆர்பி மூன்றும் இருக்க வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து படமும் எழுத்துமாக எச்சரிக்கை 85 சதவீத இடத்தை அடைக்க வேண்டும் என்பது விதி. அது இல்லாமல் மேஜைக்கு அடியிலிருந்து வருகிற சரக்கு விலை குறைவாக இருக்கும். எந்தக் குடோனில் எத்தனை மாதம் வெந்தது என்று யாருக்கும் தெரியாது.

வெளிநாட்டிலிருந்து வரும்போது ஆளுக்கு 25 சிகார் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்றன 2016-ஆம் ஆண்டு பேக்கேஜ் விதிகள். இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்குள் போகிறவர்கள் மட்டும் கவனம். அங்கே புகையிலைக்கு வரிவிலக்கே கிடையாது. கியூபா சிகார் என்று யாராவது கண்ணாடி மூடி போட்ட பெட்டியை நீட்டினால் தொடவே வேண்டாம். அப்படி ஒரு பெட்டியை அவர்கள் தயாரிப்பதே இல்லை. அசல் பெட்டியின் அடியில் தொழிற்சாலைக் குறியும் மாத வருஷமும் முத்திரையாக இருக்கும். அசலாகவே இருந்தாலும் என் வேலைக்கு அது ஒத்துவராது. 2022-இல் கோஹிபா, டிரினிடாட் என்ற கியூபா பிராண்டுகளின் விலையை உலகம் முழுக்க ஒரே மட்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள். என் விலை உச்சவரம்பு ரொம்பச் சுலபம்: ஒறம்பரை வந்தால் பாதியில் கீழே வைத்துவிட்டுப் போக மனசு வர வேண்டும். அதற்கு மேல் போனால் அது விசேஷ நாள் சிகார், வாராவாரம் எடுக்கிற சிகார் இல்லை.

நான் நின்றது நிகரகுவா உள் இலையும் ஈக்வடோர் மேல் இலையும் சேர்ந்த ஒரு பெட்டி கொரோனாவில். 1962-இல் அமெரிக்கா கியூபா மீது தடை போட்ட பிறகு நிகரகுவா, ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு என்று இந்தத் தொழில் பரவி வளர்ந்ததால் நடுத்தர விலையில் நிதானமான சரக்கு அங்கிருந்து நிறைய வருகிறது. பேரைச் சொல்ல மாட்டேன். என் நேரம், என் வெயில், என் நாக்குக்குப் பொருந்தியது அது. உங்களுக்கு ஒத்துவராமலும் போகலாம். மச்சான் கட்டிய சிவப்பு நூல் சிகார் அதுதான் என்று மட்டும் சொல்லலாம்.

ஒன்றில் நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. ஒவ்வொரு வருஷ வெள்ளாமையும் வேறு, கலவையைச் சொல்லாமல் மாற்றுகிறவர்களும் உண்டு. அதனால் பழைய பெட்டியில் இரண்டை, ஒப்பிட்டுப் பார்க்கிற கவுன்ட்டர் சாம்பிளாக நிறுத்திவைக்கிறேன். புதுப் பெட்டி வந்து ஒரு மாதம் டப்பாவில் கிடந்த பிறகு, ஒரு வாரம் பழசு, அடுத்த வாரம் புதுசு. போன பெட்டியில் மேல் இலை ஒரு ஷேடு கருத்திருந்தது. இழுப்பும் கடைசி அங்குலமும் மாறவில்லை, பாஸ் பண்ணிவிட்டேன். டொமினிக்கன் இலையில் சுற்றிய, இதைவிடச் சாதுவான ஒன்று இரண்டாவது இடத்தில் நிற்கிறது. இரண்டு பெட்டி தொடர்ந்து முதலாவது சரியாக வராவிட்டால் ஆர்டர் அதற்குப் போகும்.